வண்ணம் தொக்க படம்

சென்ற ஆண்டு ஆசிரியர் தினத்தன்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தான். மேசைமீது வைத்துப் பணிவோடு ஒதுங்கி நின்றான். பழுப்புக் கடதாசியைப் பிரித்தபோது உள்ளே கண்ணாடிச் சட்டமிட்ட படமொன்று இருந்தது. அதிலே என் தாயார் நீலச் சேலை உடுத்து, பொன்னிற மேனியோடும் சிவந்த குங்குமப் பொட்டோடும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தாயாரை வண்ணத்திலே நான் கண்டது அதுவே முதன்முறை.

ஒரு வாரத்திற்கு முன்னர் அம்மாணவன் என் வீட்டிற்கு வந்திருந்தான். சுவரில் மாட்டியிருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைத் தன் கைத்தொலைபேசியாற் படம் பிடித்தபோது, "சேர், அம்மாவின்ரை படத்தைக் கலராக்கித் தரட்டோ?" என்று கேட்டான். அதனை விளையாட்டுப் பேச்சென்று எண்ணி, "ஓம், பாப்பம்" என்று சொல்லி விட்டேன். அந்த வேலைக்கு அவனுக்குச் சில விநாடிகளே சென்றனவாம். சட்டமிடுவித்ததற்குத்தான் பணமும் நேரமும் சென்றன என்றான்.

அன்பினாற் கொடுத்த பொருளைக் குறை கூறுதல் பண்பன்று. நன்றி கூறி வாங்கிக்கொண்டேன். ஆயினும் அன்றிரவு இரண்டு படங்களையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தபின், என் மனத்துக்கு இசைந்தது சாம்பல் நிறப் படமே என்பதை உணர்ந்தேன். அஃது ஏன் என்று என்னையே கேட்டேன். பழமையிலே கொண்ட பற்றுத்தானா? பண்டிதர்களைப் பற்றி உலகம் அப்படித்தான் சொல்லும். அன்றி, கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்று வண்ணப்படத்துக்கு இல்லாத ஒரு பெறுமதி உண்டா? அக்கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடையே இக்கட்டுரை.

படம் வந்த வழி

அப்படம் 1967ஆம் ஆண்டு தைப்பொங்கலை அடுத்து யாழ்ப்பாண நகரத்து ஸ்ரூடியோ ஒன்றிலே எடுக்கப்பட்டது. தாயார் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். தந்தையார் பின்னே நிற்கிறார். ஆறு வயதினளாகிய என் தமக்கையார் அருகில் நின்று தாயாரின் சேலைத் தலைப்பைக் கைக்குள் இறுகப் பிடித்திருக்கிறார். நான் அப்போது பிறக்கவில்லை. நான் பிறந்து நான்கு ஆண்டுகள் கழியுமுன்னரே தாயார் மறைந்தார். அவர் குரலோ நடையோ என் நினைவில் இல்லை. எனக்குத் தாயார் என்பவர் அந்தப் படமே. ஆகவே என் தாயாரின் நிறம் சாம்பல் நிறம் என்று நான் சொன்னால் அதை அணியென்று கொள்ளாமல் உண்மையென்றே கொள்ளுதல் வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தின் கடைசி நாள்களில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் ஊரை விட்டு எழுந்தபோது நாங்களும் எழுந்தோம். கொட்டும் மழையில் மக்கள் வெள்ளம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தது. தந்தையார் எடுத்துக்கொண்டவை மூன்று: காணி உறுதி, திருமுறைப் புத்தகம் ஒன்று, இந்தப் படம். சட்டமும் கண்ணாடியும் பாரமென்று கழற்றி எறிந்துவிட்டுப் படத்தை மாத்திரம் இரண்டு அப்பியாசக் கொப்பிகளுக்கிடையே வைத்து, பொலித்தீன் பையிற் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். அப்படியிருந்தும் ஒரு மூலையில் நீர் ஊறிற்று. அந்தக் கறை இன்றும் உண்டு.

தென்மராட்சியிலே ஒரு பாடசாலை மண்டபத்தில் ஒதுங்கியிருந்த இரவொன்றில் அந்தப் படத்தை உலர்த்துவதற்காக வெளியே எடுத்தோம். குப்பி விளக்கின் ஒளியிலே அதைப் பார்த்த தமக்கையார், "அண்டைக்கு அம்மா அரக்குச் சீலை உடுத்திருந்தவ, கரை மாத்திரம் பச்சை" என்றார். பக்கத்தில் இருந்த சின்னம்மா, "இல்லைப் பிள்ளை, சீலைதான் பச்சை, கரைதான் அரக்கு" என்றார். இருவரும் சற்று நேரம் வாதாடினர். அழுதுகொண்டிருந்த இடத்திலே அந்த வாதம் ஒரு சிறு ஆறுதலாயிருந்தது. தந்தையாரைக் கேட்டபோது அவர் சிரித்து, "எனக்கு முகந்தான் ஞாபகம்" என்று சொல்லிவிட்டார்.

அரக்கோ பச்சையோ என்ற அந்த வழக்கைப் படத்தைக் கொண்டு தீர்க்க முடியாது. அது முடியாமற் போனதற்குக் காரணமும் உண்டு.

இரு வண்ணத்துக்கு ஒரு சாம்பல்

கறுப்பு வெள்ளை பிலிம் என்பது வெள்ளி உப்புக்களின் நுண்ணிய மணிகள் கலந்த வச்சிரப்பசை பூசப்பட்ட மெல்லிய தகடு. அந்தப் பசை விலங்கின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கப்படுவது. மரக்கறி உணவினனாகிய நான் என் தாயாரின் திருவுருவம் அதன்மேல் நிலைபெற்றிருப்பதை அறிந்தபோது ஒரு கணம் திகைத்ததுண்டு. ஒளி பட்ட மணிகளில் கண்ணுக்குப் புலனாகாத மாற்றம் நிகழும். பின்னர் உருத்துலக்கும் மருந்தில் இட்டால், ஒளி பட்ட மணிகள் கரிய வெள்ளித் துகள்களாக மாறும். ஒளி படாதவற்றை இன்னொரு மருந்து கரைத்துக் கழுவிவிடும். எஞ்சுவது உலோகம். கறுப்பு வெள்ளைப் படத்திலே நாம் கறுப்பென்று காண்பது மையன்று, வெள்ளி.

அந்த வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளியை மாத்திரமே நன்கு உணரும். ஆகவே பழைய படங்களிலே நீல வானம் வெறும் வெண்மையாகவும், சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும் விழுந்தன. முன்னோர் படங்களிலே குங்குமப் பொட்டுக் கரும்பொட்டாகத் தோன்றுவது இதனாலேயே. பின்னர் சாயப்பொருள்கள் சிலவற்றைச் சேர்த்துப் பச்சையையும், அதன்பின் சிவப்பையும் உணருமாறு பிலிம் திருத்தப்பட்டது. எல்லா வண்ணங்களையும் உணரும் பிலிம் வந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. ஒத்த ஒளியளவுடைய சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழுந்தன. செடியிலே இலை எது, பூ எது என்று பிரித்தறிய இயலாது போயிற்று. அதனாலேயே படப்பிடிப்பாளர் வில்லையின் முன்னே மஞ்சள், செம்மஞ்சள், பச்சைக் கண்ணாடிகளை இட்டு ஒன்றை இருளாகவும் மற்றொன்றை வெளிச்சமாகவும் விழச் செய்தனர். முகில் வேண்டுவோர் மஞ்சட் கண்ணாடியிட்டு வானத்தை இருளச் செய்தனர். இலை துலங்க வேண்டுவோர் பச்சைக் கண்ணாடியை இட்டனர்.

இதனைக் கேட்கும் தமிழாசிரியருக்கு ஓர் இலக்கணச் செய்தி நினைவுக்கு வரும். 'தாயன்பு' என்பது ஒரு தொகை. அதனை எப்படி விரிப்பது? தாயினது அன்பு என்று விரித்தால் அன்பு செய்பவள் தாய். தாயின்கண் அன்பு என்று விரித்தால் அன்பு செய்வது பிள்ளை. தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களாக மயங்கும் என்று நன்னூலார் கூறியிருக்கிறார். எவ்வாறு விரிப்பது என்பதை இடம் பார்த்து அறிய வேண்டும். இடம் தெரியாதவன் விரித்தால் சொல் சரியாக இருக்கும், பொருள் பிழைத்துவிடும்.

கறுப்பு வெள்ளைப் படம் ஒரு தொகை. அதிலே வண்ணம் தொக்கு நிற்கிறது. தொக்கது என்றால் அழிந்தது என்று பொருளன்று. அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலுக்குள் மறைந்து நிற்கின்றன. அன்றைய இடத்தை அறிந்தவர் அதனை விரிக்கலாம். என் மாணவனுடைய கருவியோ இலட்சக்கணக்கான வண்ணப்படங்களைக் கண்டு பழகியது. இத்தகைய சாம்பலுக்கு எந்த வண்ணம் பெரும்பாலும் பொருந்தும் என்பது அதற்குத் தெரியும். என் தாயார் பொங்கலுக்கு எந்தச் சேலை உடுத்தார் என்பது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. ஆகவே நீலம் என்று விரித்தது.

வர்ணக்காரர் கேட்ட கேள்வி

வண்ணம் பூசும் வழக்கம் இன்று தோன்றியதன்று என்று வாசகர் சொல்லக்கூடும். அது மெய். என் பாடசாலைக் காலத்திலே, அஃதாவது எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் அயலிலே ஸ்ரூடியோ ஒன்றில் வேலை செய்த முதியவர் ஒருவர் இருந்தார். விடுமுறை நாள்களில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்குக் கூலியாக இருட்டறைக்குள்ளே ஒரு மூலையில் நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது.

அந்த அறையின் செவ்வொளியும் புளித்த மருந்து நெடியும் இன்னும் என் நினைவில் உள்ளன. உருத்துலக்கும் மருந்துக்கு இருபது பாகை வெப்பம் உகந்தது என்பது நூல் விதி. அந்த விதியை எழுதியவர் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலை அறியாதவர். ஆகையால் தட்டத்தைச் சுற்றி ஐஸ்கட்டிகள் இடப்பட்டிருக்கும். வெறும் வெள்ளைக் கடதாசியை மருந்துக்குள் அமிழ்த்தித் தட்டத்தை மெல்ல ஆட்டுவார். சில விநாடிகள் ஒன்றும் நிகழாது. பின்னர் மயிர், கண், கரை என்று கரியனவெல்லாம் முதலில் எழும். முகம் கடைசியாக எழும். "முகத்துக்கு அவசரப்படக் கூடாது" என்பார் அவர். இந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ பாடங்களை நடத்தியிருக்கிறேன். அந்த வாக்கியத்தைப் போன்ற ஒன்றை மாணவருக்குச் சொல்ல இன்னும் என்னால் முடியவில்லை.

அவர் வர்ணமும் பூசுவார். கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பஞ்சினாலும் மெல்லிய தூரிகையினாலும் சாயம் தடவுவது அக்காலத்திலே தனியொரு தொழில். ஆனால் பூசுமுன் வந்தவரை ஒரு கேள்வி கேட்பார்: "சீலை என்ன நிறம்?" கடதாசி உறையின்மேல் அதைப் பென்சிலால் எழுதிக்கொள்வார். ஒருநாள் ஒரு மூதாட்டி இறந்துபோன மகளின் படத்தைக் கொடுத்து, நிறம் நினைவில்லை என்றார். முதியவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப சீலையை அப்பிடியே விடுவம் அம்மா, முகத்துக்கு மாத்திரம் கொஞ்சம் பூசுவம்" என்றார். அன்றைக்கு அது தொழில்முறை என்றே எண்ணினேன். அது அறம் என்பது இந்த நீலச் சேலையைக் கண்ட பின்னரே எனக்கு விளங்கியது.

நிழலைப் பிடித்தவர்கள்

நிழற்படம் என்னும் நம் சொல்லும் பொருள் பொதிந்தது. இங்கிலாந்திலே வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டல்பொட் என்னும் அறிஞர் இக்கலையைக் கண்ட தொடக்க நாள்களில், நிழலை நிலைநிறுத்தும் கலை என்றே இதனை அழைத்தார். 1835ஆம் ஆண்டு தம் இல்லத்துச் சாளரமொன்றை அவர் கடதாசியிலே பிடித்த சிறிய மறுதலைப்படம் இன்றும் எஞ்சியிருக்கிறது. ஆயினும் பிடித்த நிழல் மேலும் ஒளி பட்டால் கறுத்துப்போயிற்று. வெள்ளி உப்பைக் கரைக்கும் மருந்தை 1819ஆம் ஆண்டிலேயே கண்டிருந்த ஜோன் ஹேர்ஷல், 1839ஆம் ஆண்டில் அதனை இக்கலைக்குப் பயன்படுத்தி அந்த இடரைத் தீர்த்தார். ஒளியை ஏற்பதில் அன்று, போதும் என்று நிறுத்துவதிலேயே இக்கலை முழுமை பெற்றது என்பது கருதத்தக்கது.

இக்கலையின் பெரும்புகழ் பெற்ற ஒருவர் நம் நாட்டு மண்ணிலேயே துயில்கின்றார். கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டு பிறந்த ஜூலியா மாக்ரற் கமரன் என்னும் அம்மையார், நாற்பத்தெட்டாவது வயதிலே மகள் கொடுத்த கமரா ஒன்றைக் கொண்டு இக்கலையைத் தொடங்கினார். அவருடைய கணவர், கோல்புறூக்-கமரன் சீர்திருத்தம் என்று நம் மாணவர் வரலாற்றுப் பாடத்திலே படிக்கும் அந்தக் கமரனே. 1875ஆம் ஆண்டில் இருவரும் இலங்கைக்கு வந்தனர். களுத்துறையிலே அம்மையார் தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் படம் பிடித்தார். அவற்றுட் சிலவே எஞ்சியுள்ளன. 1879ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் மறைந்தார். பொகவந்தலாவையிலே தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்களில் உள்ள புலவர், அறிஞர் பெயரெல்லாம் உலகம் அறியும். இங்கே அவர் எடுத்த படங்களில் உள்ளோர் பெரும்பாலும் பெயரற்றவர். பெயரைத் தொலைத்த வரலாறு முகத்தைத் தொலைக்காமல் விட்டது அந்த வெள்ளியினாலேதான்.

அடுத்தவர் லயனல் வென்ற். 1900ஆம் ஆண்டிலே கொழும்பிலே பிறந்து, இலண்டனிலே சட்டமும் பியானோ இசையும் பயின்று மீண்டவர். வழக்கறிஞர் தொழிலை விட்டு இசையையும் கமராவையும் பற்றிக்கொண்டார். 1934ஆம் ஆண்டு பசில் றைற் எடுத்த 'இலங்கையின் பாடல்' என்னும் ஆவணப்படத்திலே ஒலிப்பது அவர் குரல். 1943ஆம் ஆண்டிலே நம் நாட்டு ஓவியக் கலையின் போக்கை மாற்றிய '43 குழு' உருவாவதற்குத் துணைநின்றவரும் அவரே. மறுவருடம் மார்கழியில் நாற்பத்து நான்கு வயதிலே மறைந்தார். அவருடைய மறுதலைப்படங்கள் பின்னர் அழிக்கப்பட்டன. அவர் கையாற் பதித்த படங்களும், 1950ஆம் ஆண்டிலே வெளியான தொகுப்பு நூலுமே நமக்கு எஞ்சியவை. பச்சையும் நீலமும் பொங்கி வழியும் இத்தீவை அவர் முழுவதும் கறுப்பிலும் வெள்ளையிலும் காட்டினார். அவர் படங்களிலே தென்னை பச்சையாக இல்லாதபோதும் அதன் ஓலையின்மேல் விழும் ஒளி எப்படிப்பட்டது என்பது தெரிகின்றது. உழைப்பவனின் தோளிலே வியர்வை வெள்ளியாக மின்னுகின்றது. வண்ணம் பேசாது நின்றவிடத்தில் ஒளி பேசத் தொடங்குகின்றது.

வெள்ளியும் சாயமும்

இனி, நிலைபேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது என்றேன். வண்ணப் பிலிமும் வெள்ளியில் தொடங்குவதே. ஆனால் இறுதியிலே வெள்ளி முழுவதும் நீக்கப்பட்டுச் சாயம் மாத்திரம் எஞ்சும். சாயம் மங்கும். தமக்கையாரின் திருமணம் 1984ஆம் ஆண்டிலே நடந்தது. அதன் வண்ணப்படங்களிற் சில கொழும்பிலே மாமா வீட்டில் இருந்தமையால் தப்பின. இன்று அவற்றைப் பார்த்தால் மணமக்களும் பந்தலும் ஐயரும் எல்லாம் ஒரே செம்மை. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முந்திய தாயாரின் படமோ, மழையிலே நனைந்தும் மூலைக் கறை ஒன்றோடு தப்பி நிற்கிறது. நன்கு கழுவப்படாத கறுப்பு வெள்ளைப் படமும் மஞ்சளாகிக் கெடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அந்த ஸ்ரூடியோக்காரர் நன்றாகக் கழுவியிருக்கிறார்.

வேறொரு செய்தியும் சிந்தனைக்குரியது. 1935ஆம் ஆண்டிலே கொடக் நிறுவனம் 'கொடக்குறோம்' என்னும் வண்ணப் பிலிமை வெளியிட்டது. உலகம் அதன் வண்ண அழகைக் கொண்டாடியது. 2009ஆம் ஆண்டிலே அதன் உற்பத்தி நின்றது. அதைத் துலக்கிக் கொடுத்த கடைசி நிலையம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே இருந்தது. 2010ஆம் ஆண்டின் முடிவோடு அதுவும் புதிய சுருள்களை ஏற்பதை நிறுத்தியது. அதன்பின் எவர் வீட்டு அலுமாரியிலாவது துலக்கப்படாத கொடக்குறோம் சுருள் அகப்பட்டால் அதிலுள்ள வண்ணத்தை எளிதில் எழுப்ப முடியாது. எழுப்பக்கூடியது ஒன்றுண்டு. சாதாரண கறுப்பு வெள்ளை மருந்தில் இட்டால் கறுப்பு வெள்ளைப் படமாக அது எழும். வண்ணம் போனபின்னும் வெள்ளி காத்திருக்கின்றது!

கணினிக் கமரா வந்தபோது பிலிம் முற்றாக மறையும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1954ஆம் ஆண்டிலே சிறுகமராவுக்கு வந்த 'றை-எக்ஸ்' என்னும் கொடக் கறுப்பு வெள்ளைச் சுருள் இன்னும் விற்பனையாகின்றது. இங்கிலாந்திலே இல்பேட் சுருள்கள் செய்யப்படுகின்றன. யப்பானியப் பியூஜி நிறுவனம் 2018ஆம் ஆண்டிலே கறுப்பு வெள்ளை பிலிமை நிறுத்துவதாக அறிவித்து, விரும்பியோர் வேண்டுகோளினால் மறு ஆண்டே புதியதொன்றைக் கொண்டுவந்தது. ஜேர்மனியின் லைக்கா நிறுவனம் 2012ஆம் ஆண்டிலே வண்ணமே பதியாத கணினிக் கமரா ஒன்றையும் செய்து விற்றது. மக்கள் கூடுதல் பணம் கொடுத்து வண்ணமின்மையை வாங்குகின்றனர் என்றால் அதற்கு ஒரு காரணம் இருத்தல் வேண்டும்.

காரணங்களுள் ஒன்று பொறுமை. சிறுசுருளிலே முப்பத்தாறு படங்கள், பெருஞ்சுருளிலே பன்னிரண்டு. எண்ணிக்கை குறைந்தவிடத்துப் பார்வை கூர்மையடைகின்றது. குறளடிக்குள்ளே பொருளடக்கும் புலவனுக்கு இது புதிதன்று. மற்றொன்று, வீட்டின் இருளிலே நான்கு தட்டமும் இரண்டு மருந்தும் கொண்டு ஒருவர் தம் கையாலேயே தொடக்கமும் முடிவும் காணக்கூடிய எளிமை.

மறுப்பும் விடையும்

இவ்விடத்தில் ஒருபக்கமாகவே பேசிச்செல்லுதல் நேர்மையாகாது. அன்று வாழ்ந்தோர் கறுப்பு வெள்ளையை விரும்பித் தெரிந்தவரல்லர். வேறு வழியில்லாமையால் அதைக் கொண்டனர். வண்ணப் பிலிம் கைக்கெட்டியவுடன் பெரும்பாலோர் அதற்கே தாவினர். கறுப்பு வெள்ளை பொய் சொல்லாது என்பதும் பொருந்தாது. மறுதலைப்படத்தின்மேல் கூரிய பென்சிலால் தடவி முகத்துச் சுருக்கங்களையும் அம்மைத் தழும்புகளையும் மறைப்பது ஸ்ரூடியோக்களின் அன்றாட வேலை. மேலும், என் தாயார் வாழ்ந்த உலகம் சாம்பல் நிறமானதன்று. அவர் வாசலிலே செவ்வரத்தை பூத்திருக்கும். மா இலைத் தோரணம் பச்சையாக இருந்திருக்கும். இவற்றையெல்லாம் என் மாணவன் எனக்கு மீட்டுத் தர விரும்பினான். அந்த விருப்பம் உயர்ந்தது.

ஆயினும் ஒன்று சொல்லலாம். கறுப்பு வெள்ளைப் படம் தான் எதைச் சொல்லவில்லை என்பதை மறைப்பதில்லை. வண்ணம் எனக்குத் தெரியாது என்று அது தன் சாம்பலாலேயே கூறிவிடுகின்றது. அந்த வெற்றிடத்திலே பார்ப்பவனுக்கு ஓர் இருக்கை கிடைக்கின்றது. நெடுநல்வாடையிலே தலைவன் பாசறையில் இருக்க, அணிகலன் களைந்து துயருறும் அரசியைக் காட்டும் நக்கீரர், வண்ணந் தீட்டப்படாது கோட்டளவில் நிற்கும் ஓவியத்தை அவளுக்கு உவமையாக்கினார். வண்ணம் நிரம்பிய ஓவியத்தால் காட்ட முடியாத பிரிவை வண்ணம் பெறாத ஓவியம் காட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிரிந்தவர்களை நினைக்க வேண்டிய இடத்திலே நம் மனம் கறுப்பு வெள்ளைப் படத்தை நாடுவதற்கும் அதுவே காரணம் போலும்.

தமக்கையாரின் நீலம்

இம்மட்டோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அதன்பின் நிகழ்ந்த ஒன்றே இதை எழுதத் தூண்டியது.

அந்த வண்ணப்படத்தை நான் மானிப்பாயிலுள்ள தமக்கையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்ததும் கண்கலங்கினார். "அம்மா உயிரோடை இருக்கிற மாதிரி இருக்குதடா தம்பி" என்றார். பின் சிரித்துக்கொண்டு, "ஆனால் அம்மாவிட்டை நீலச் சீலையே இருக்கேல்லை" என்றார். படத்தைத் தம்மோடே வைத்துக்கொள்வதாகக் கேட்டார். மகிழ்ந்து கொடுத்தேன். எனக்குச் சாம்பல், அவருக்கு நீலம் என்று பங்கு பிரித்தது சரியாகவே பட்டது. தாயாரை வண்ணத்திலே கண்டு இழந்தவர் அவர். நான் அப்படிக் காணாதவன்.

இவ்வாண்டுத் தைப்பொங்கலுக்கு அவர் வீட்டிற்குப் போயிருந்தேன். வரவேற்பறையிலே அந்தப் படத்துக்குப் பூமாலை இடப்பட்டிருந்தது. அவருடைய பேத்தி படத்திலுள்ள சிறுமியைச் சுட்டி, "அம்மம்மா, இது நீங்களோ?" என்று கேட்டாள். தமக்கையார் அவளை மடியிலிருத்தி, "ஓம் பிள்ளை. பொங்கலுக்கு அடுத்த கிழமை எடுத்தது. அண்டைக்கு அம்மா இந்த நீலச் சீலைதான் உடுத்திருந்தவ. நான் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், விடவே இல்லை" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அரக்குச் சேலை எங்கே போயிற்று? குப்பி விளக்கின் ஒளியில் சின்னம்மாவோடு வாதாடிக் காத்த அந்த அரக்கு, மூன்று மாதத்திலே சுவரிலிருந்த நீலத்துக்கு இடங்கொடுத்து விலகிவிட்டது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சாம்பல் நிறப் படம் அவர் நினைவை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அரக்கை அவரே எடுத்து உடுத்த வேண்டியிருந்தது. அந்த வேலையை இப்போது படம் ஏற்றுக்கொண்டது. சின்னம்மா இறந்துவிட்டார். தந்தையாரும் இல்லை. சேலையைக் கைக்குள் பிடித்திருந்த ஒரே சாட்சி தமக்கையார்தான்.

அவரைத் திருத்தலாமா என்று வழிநெடுக எண்ணினேன். அறுபதைக் கடந்த வேளையில் தாயாரை உயிரோடு கண்டதாக மகிழும் ஒருவரிடம் போய் நிறம் பிழை என்று சொல்ல மனம் துணியவில்லை. என் மாணவன்மீதும் குறையில்லை. அவனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தவன், "சேர், நான் முதலிலை கேட்டிருக்க வேணும்" என்றான். பழைய படங்களை இனி வண்ணமாக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. வீட்டிலே முதியோர் இருக்கும்போதே அருகிருந்து கேட்டு, அவர் சொல்வதைப் படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்து, அதன்பின் செய் என்றேன். ஆசிரியர்களாகிய நாமும் இதை ஒரு பயிற்சியாக மாணவருக்குக் கொடுக்கலாம். எத்தனை வீடுகளிலே எத்தனை சாம்பல் நிறப் படங்கள் இருக்கின்றன! அவற்றை விரிக்கத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

அன்றிரவு வீடு திரும்பியதும் சுவரிலிருந்த படத்தை இறக்கினேன். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, அந்தப் பழைய கடதாசியின் முதுகிலே அழுத்தாமல் மெல்லிய பென்சிலால் இரண்டு வரி எழுதினேன்.

'சேலை அரக்கு, கரை பச்சை - அக்கா சொன்னது, 1995. சேலை பச்சை, கரை அரக்கு - சின்னம்மா சொன்னது, அதே இரவு.'

எது சரி என்று எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது. படத்தை மீண்டும் மாட்டினேன். தாயார் முன்போலவே சாம்பல் நிறச் சேலையில் இருந்தார்.